கூட்டத்துக்கு வராதவன்: பழைய மாணவர் சந்திப்பும் மர்மப் படமும்

பிரெஞ்சு சினிமாவில் பழைய நண்பர்கள் ஒன்றுகூடினால் யாராவது ஒருவர் செத்துப்போகிறார். இல்லாவிட்டால், எப்போதோ செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்து, வைத்த சாப்பாடு தொண்டையில் இறங்காமல் போகிறது. நம் ஊரில் கூடினால் மட்டன் பிரியாணி, ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்குப் பொன்னாடை, ‘என்னடா மாப்ள, முடியெல்லாம் எங்கடா போச்சு’ என்ற விசாரிப்பு, நாலு மணிக்குக் குரூப் போட்டோ. அதிகபட்ச விபரீதம் என்றால், யாரோ ஒருவன் மண்டபத்தின் பின்பக்கம் போய்க் குடித்துவிட்டு வந்து பழைய காதலைப் பற்றி மைக்கில் பேசத் தொடங்குவதுதான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடமும் பழைய மாணவர்களும் மர்மக் கதைக்குச் சரியான களம் என்று பிரான்சில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். அதே களம் தமிழில் ஏன் காதலுக்கும் கண்ணீருக்கும் மட்டும் பயன்பட்டது? புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் படித்து, அதன் பழைய மாணவர் சந்திப்புக்கு மலர் தயாரிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வியாகவும் ஆகிப்போனது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் படங்கள்.

‘சேன்-லூவின் பழைய மாணவர்கள்’ என்று பொருள்படும் பெயருடைய பிரெஞ்சுப் படம் 1950இல் வந்தது. இயக்கியவர் ஜார்ஜ் லாம்பேன். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து பிரெஞ்சு சினிமாவுக்கு வந்தவர். அதற்கு நாலு ஆண்டு முன்பு தஸ்தயெவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலைப் படமாக்கியவர். பெர்னார் பிளியே, பிரான்சுவா பெரியே, செர்ஜ் ரெஜியானி மூவரும் பழைய மாணவர்கள். ஒரு பழைய பள்ளி, அங்கே ஒரு சந்திப்பு, நடுவில் ஒரு மர்மம். மகத்தான படம் என்று யாரும் சொல்வதில்லை. சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் ஓரிரு வரியோடு கடந்துபோகிற படம்தான். ஆனால் அதன் முளை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் சுவையாகிறது. கதை பியர் வெரியினுடையது.

வெரி 1900இல் பிறந்தவர். பாரிசில் பழைய புத்தகக் கடை நடத்தியவர். 1930இல் பிரான்சில் சாகச நாவலுக்கென்று ஒரு பரிசு தொடங்கியபோது முதலில் வாங்கியவர் அவர்தான். துப்பறியும் கதையில் கைரேகையும் துப்பாக்கியும் அவருக்கு முக்கியமில்லை. சிறுவர்களின் பயமும் கனவும் இரவு நேரத்து ரகசியமும்தான் அவருக்குச் சரக்கு. பெரியவர்களுக்கான தேவதைக் கதையைத் துப்பறியும் கதை போல எழுதினார் என்று சொல்லலாம். அவருடைய ‘சேன்-அழில்’ கதைதான் இந்த வகைக்கெல்லாம் மூலம். கிறிஸ்தியான்-ஜாக் அதை 1938இல் படமாக்கினார். முதல் உலகப் போர் தொடங்கப்போகிற 1914ஆம் ஆண்டு. ஒரு விடுதிப் பள்ளி. மூன்று பையன்கள் ரகசியச் சங்கம் வைத்திருக்கிறார்கள். இரவில் எல்லோரும் தூங்கியபின் இயற்கை அறிவியல் வகுப்பறையில் கூடுகிறார்கள். அங்கே தொங்கும் எலும்புக்கூட்டுக்கு மார்த்தேன் என்று பெயர் வைத்து, அதையே சங்கத்தின் சாட்சியாக வைத்துக்கொண்டு, அமெரிக்காவுக்கு ஓடிப்போகத் திட்டம் போடுகிறார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பையன்கள் காணாமல் போகிறார்கள். ஓவிய வாத்தியாராக மிஷேல் சிமோன். எல்லோரும் சந்தேகிக்கிற, யாருக்கும் பிடிக்காத ஆங்கில வாத்தியாராக எரிக் ஃபான் ஸ்ட்ரோஹைம். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க முடியாது.

அந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே ஒன்று. பையன் காணாமல் போனான் என்றதும் கதை நிற்கிறது. அவன் எங்கே என்று கேட்பதற்காகவே மீதிப் படம் ஓடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர்கள் வளர்ந்து திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதுதான் சேன்-லூ. பக்கத்துக் கட்டிலில் தூங்கியவனின் பட்டப்பெயர் தெரியும், அவன் தூக்கத்தில் உளறுவது தெரியும். இப்போது அவன் கையில் எவ்வளவு கடன் என்பது தெரியாது. மனிதனைப் பாதி தெரிந்திருப்பதுதான் மர்மக் கதைக்கு வேண்டிய நிலைமை. முற்றிலும் தெரியாதவன் செய்தால் அது வெறும் குற்றம். முற்றிலும் தெரிந்தவன் செய்தால் அது குடும்பச் சண்டை. பாதி தெரிந்தவன் செய்யும்போதுதான் பயம் வருகிறது. பழைய மாணவர் சந்திப்பில் உட்கார்ந்திருக்கிற எல்லோருமே ஒருவருக்கொருவர் பாதி தெரிந்தவர்கள்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1959இல், ஜூலியன் துவிவியே ‘மரி-அக்தோபர்’ எடுத்தார். பள்ளிக்கூடம் இல்லை, நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசியக் குழுவின் உறுப்பினர்கள் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஒரு வீட்டில் விருந்துக்குக் கூடுகிறார்கள். அன்று தலைவனைக் காட்டிக்கொடுத்தவன் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறான், யார் அவன்? கேமரா அந்த வீட்டை விட்டு அசைவதே இல்லை. பிளியேயும் ரெஜியானியும் இந்த மேசையிலும் இருக்கிறார்கள். இரண்டு சந்திப்புகளிலும் உட்கார்ந்த இரண்டு பேர் என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் போருக்குப் பிந்தைய பிரான்சில் நடுவயது ஆண்கள் நாலு பேர் கூடினால், ‘அந்த நாலு வருஷம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்’ என்ற கேள்வி கேட்கப்படாமலே மேசைமேல் இருக்கும். 1950இன் பார்வையாளருக்குச் சேன்-லூவிலும் அது கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அங்கே சந்திப்பு என்றால் கணக்குத் தீர்ப்பது. நமக்குச் சந்திப்பு என்றால் கணக்கை மறப்பது.

தமிழில் மர்மப் படமே எடுக்கத் தெரியாதா என்றால், அது அபாண்டம். 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ இன்றும் நிற்கிறது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் காலையில் ரேடியோ எஞ்சினியர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே பிணம். மனைவி, தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டுக்காரர், நாட்டியக்காரி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதற்கும் முன்னால் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் கட்டுக்கட்டாகத் துப்பறியும் நாவல்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். அவற்றில் ஜமீன் மாளிகை உண்டு, சென்னைப் பங்களா உண்டு, ரயில் பெட்டி உண்டு. பள்ளிக்கூடம் மட்டும் என் நினைவுக்கு எட்டியவரை தட்டுப்படவில்லை.

சிறுவர்களுக்கு எழுதியவர்களாவது பள்ளிக்கூடத்தைப் பிடித்திருக்கலாம். அதற்குப் புதுக்கோட்டையை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இந்தியா சுதந்திரம் அடைந்ததை ஒட்டிய ஆண்டுகளில், 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை தனிச் சமஸ்தானமாக இருந்த இந்த ஊரிலிருந்து சிறுவர் பத்திரிகைகள் வரிசையாக வந்தன. ஊருக்கும் பிள்ளை இலக்கியத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ராயவரத்துக்காரர், 1922இல் பிறந்தவர். வாண்டுமாமா என்ற வி. கிருஷ்ணமூர்த்தி அரிமளத்துக்காரர், 1925இல் பிறந்தவர். வாண்டுமாமா எழுதிய சாகசமும் துப்பறிதலும் படித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. ஆனால் அந்தக் கதைகளின் ருசியை நினைத்துப் பாருங்கள். சாகசம் எப்போதும் பள்ளி மூடியிருக்கும்போது நடக்கும். கோடை விடுமுறை, மாமா வீடு, பாழடைந்த கோட்டை, மலைக்குகை. திருமயம் கோட்டையும் குடுமியான்மலையும் கண்ணெதிரே இருக்கும்போது வகுப்பறையில் யார் மர்மம் தேடுவார்கள் என்பது நியாயமான கேள்விதான். இருந்தாலும் வெரியின் பையன்கள் எலும்புக்கூட்டின் முன்னால் கூடிய நேரத்தில் நம் பையன்கள் கோட்டைக்குப் போனது ஏன் என்று யோசிக்க வேண்டும்.

ஒரு காரணம் கட்டடம். பிரெஞ்சுக் கதையின் பள்ளி விடுதிப் பள்ளி. கதவு பூட்டப்படும், விளக்கு அணையும், முப்பது கட்டில்கள், வெளியாள் உள்ளே வர முடியாது. எனவே செய்தது உள்ளே இருப்பவர்களில் ஒருவர். ஆங்கிலேயர் மாளிகையையும் ரயிலையும் வைத்துச் செய்ததை வெரி பள்ளியை வைத்துச் செய்தார். 1955இல் குளூஸோ எடுத்த ‘லெ தியாபோலிக்’ படத்திலும் அதே மாதிரி ஒரு பாழாய்ப்போன விடுதிப் பள்ளி, அதன் பாசி படிந்த நீச்சல்குளம். நம் கிராமத்துப் பள்ளியோ நாலேகால் மணிக்கு மணி அடித்தால் காலி. சுற்றுச்சுவரில் ஆடு புகுந்து போகிற அளவு ஓட்டை. எதிர்த்த டீக்கடைக்காரருக்கு எந்த வாத்தியார் யாரிடம் கைமாத்து வாங்கினார் என்பதுவரை தெரியும். ஊரே வகுப்பறைக்குள் எட்டிப்பார்க்கிற இடத்தில் ரகசியம் தங்குவது கஷ்டம்.

இந்தக் காரணத்தை நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை.

சந்திப்பு என்ற கருவைத் தமிழ் சினிமா கையாண்ட விதத்தைப் பார்க்கலாம். துவிவியே 1937இலேயே ‘நடனக் குறிப்பேடு’ என்று ஒரு படம் எடுத்தார். கணவனை இழந்த ஒரு பெண், தன் முதல் நடன விருந்தில் தன்னோடு ஆடியவர்கள் இருபது ஆண்டுக்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப்போகிறாள். ஒருவன் குற்றவாளியாகியிருக்கிறான், ஒருவன் துறவியாகியிருக்கிறான், ஒருவன் உயிரோடு இல்லை. சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ (2004) அதைப் பார்த்து எடுத்ததல்ல. ஆனால் நடை அதே நடை. கல்யாணப் பத்திரிகையோடு ஒருவன் தன் பழைய ஊர்களுக்கும் பழைய காதல்களுக்கும் போகிறான். பிரெஞ்சுப் பெண் போகப்போக நொறுங்குகிறாள். நம்மவன் போகப்போகப் பக்குவப்பட்டுக் கடைசியில் எல்லோரையும் கல்யாண மண்டபத்தில் சேர்த்துவிடுகிறான். கல்யாணம் நம் கதைகளில் ஒரு பெரிய கரைப்பான். எந்தக் கசப்பைப் போட்டாலும் கரைத்துவிடும்.

தங்கர் பச்சானின் ‘பள்ளிக்கூடம்’ (2007) இன்னும் நெருங்கி வந்தது. மூடப்படும் நிலையிலுள்ள கிராமத்துப் பள்ளி, அதைக் காப்பாற்றப் பழைய மாணவர்கள் கூடுகிறார்கள். நிலம் யாருடையது, யார் கேட்கிறார்கள் என்ற இடத்தில் ஒரு நல்ல மர்மக் கதைக்கான முடிச்சு இருக்கிறது. படம் அதை அவிழ்க்காமல் தாண்டிப்போய், அழுவதற்கு உட்கார்ந்துவிட்டது. எனக்கும் கண்ணீர் வந்தது. அது வேறு விஷயம்.

நேரடியாகச் சந்திப்பு மர்மம் என்று சொல்லத்தக்க ஒன்று தமிழில் உண்டு. அது மலையாளத்திலிருந்து வந்தது. லால் ஜோஸ் இயக்கி, ஜேம்ஸ் ஆல்பர்ட் எழுதிய ‘கிளாஸ்மேட்ஸ்’ (2006) படத்தில் 1991ஆம் ஆண்டுக் கல்லூரி நண்பர்கள் மறுபடி கூடுகிறார்கள். அன்று இரவே ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொல்ல யாரோ முயல்கிறார்கள். செய்தது யார் என்று கேட்கப்போய், பல ஆண்டு முன் இறந்துபோன இன்னொரு நண்பனின் சாவு எப்படி நடந்தது என்பது வெளியே வருகிறது. யார் என்பதை நான் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பாவம். கேரளத்தில் அது பெரிய வெற்றி. அதற்குப் பிறகு அங்கே கல்லூரிச் சந்திப்புகள் பெருகின என்பார்கள். 2009இல் ஜி.என்.ஆர். குமரவேலன் அதைத் தமிழில் ‘நினைத்தாலே இனிக்கும்’ என்று எடுத்தார். காட்சிக்குக் காட்சி அதே கதை, அதே முடிச்சு, பிருத்விராஜும் அவரேதான். ஆனாலும் இங்கே ஒட்டவில்லை. மலையாளத்தில் கல்லூரித் தேர்தல், இரண்டு கட்சி, தோழமை, துரோகம் எல்லாம் பார்வையாளர் தன் உடம்பில் அறிந்தவை. கொலைக்கான பகை அங்கே வளாகத்திலேயே விளைகிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு அந்த அளவு வளாகத் தேர்தல் பழக்கமில்லை. அதனால் பகை ஒட்டவைத்த மீசை போல நின்றது. மர்மக் கதையை இறக்குமதி செய்யலாம். அதன் காரணத்தை இறக்குமதி செய்ய முடியாது.

அப்படியானால் நம் பள்ளியில் விளைந்த காரணம் எது?

இந்த இடத்தில்தான் ‘96’ வருகிறது. சி. பிரேம்குமார் இயக்கி 2018 அக்டோபர் 4 அன்று வெளிவந்த படம். தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து சென்னையில் கூடுகிறார்கள். ராமும் ஜானகியும் இருபத்திரண்டு ஆண்டு கழித்துச் சந்திக்கிறார்கள். அதைக் காதல் படம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அதை ஒரு காணாமல் போன வழக்கு என்று பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்து விடுமுறைக்குப் பிறகு பள்ளி திறக்கிறது, ராம் வரவில்லை. அப்பாவின் கடன், குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. வகுப்பில் ஒருத்தி மட்டும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல ஆண்டு கழித்து அவன் அவள் கல்லூரி வாசல்வரை வந்ததும், வந்தவன் அவன்தான் என்று தெரியாமல் அவள் பார்க்க மறுத்ததும் ஓர் இரவுப் பேச்சில் வெளிவருகிறது. தடயம், தவறான ஊகம், தாமதமான விடை என்று துப்பறியும் கதையின் எலும்பெல்லாம் அதில் இருக்கிறது. மேலே போர்த்தியிருப்பது மட்டும் இளையராஜா பாட்டு.

காதலி மட்டும் அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால், ராம் என்று ஒருவன் படித்தான் என்பதே யாருக்கும் நினைவு இருந்திருக்காது. படத்தின் சௌகரியம் அது. நிஜ வகுப்பில் காணாமல் போகிறவனுக்கு எப்போதும் ஜானகி கிடைப்பதில்லை.

அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி என்று எங்கே பார்த்தாலும் ‘இன்ன ஆண்டுப் பத்தாம் வகுப்பு’ என்று ப்ளெக்ஸ். எங்கள் குழுவும் அந்தச் சூட்டில் தொடங்கியதுதான். சிங்கப்பூரில் நாலு பேர், மலேசியாவில் ஒருவன், துபாய், குவைத்தில் சிலர். எனவே சந்திப்புத் தேதியை ஊரில் இருப்பவர்கள் முடிவு செய்ய முடியாது, சிங்கப்பூர் லீவு முடிவு செய்யும். ‘புதுக்கோட்டையிலிருந்து சரவணன்’ என்று 2004இல் தனுஷ் படம் ஒன்று வந்தது. அதன் நாயகன் போய்ச் சேர்ந்த ஊரும் சிங்கப்பூர்தான். அந்தப் படம் எப்படியோ, பெயர் வைத்தவருக்கு எங்கள் மாவட்டம் தெரிந்திருக்கிறது.

குழு தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 16 விடியலில் கஜா புயல். தென்னையும் பலாவும் வேரோடு போயின. காதல் பாட்டும் குட்மார்னிங்கும் போட்டுக்கொண்டிருந்த குழுவில் ஒரே நாளில் பேச்சு மாறியது. தார்ப்பாய் எங்கே கிடைக்கும், ஜெனரேட்டர் வாடகை மணிக்கு எவ்வளவு, யார் வீட்டுக் கூரை போச்சு. ஒருவன் பழைய வகுப்புப் பட்டியலை நினைவிலிருந்து போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘பேசியாச்சு’ என்று குறித்துக்கொண்டே வந்தான். ஒரு பெயருக்கு எதிரே எதுவும் இல்லை. ‘அவன் எட்டாவதோட நின்னுட்டான்டா’ என்றான் ஒருவன். ‘இல்லடா, ஒன்பதாவது காலாண்டுவரைக்கும் வந்தான்’ என்றான் இன்னொருவன். ‘எங்கடா போனான்?’ என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதற்குள் கீரமங்கலத்துக்கு ஒரு லாரி தண்ணீர் வருவதாகத் தகவல் வந்தது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

வெரியின் பள்ளியில் பையன் காணாமல் போனால் கதை நிற்கிறது என்றேன். நம் பள்ளியில் கதை நிற்பதில்லை; பெயர்தான் நிற்கிறது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. தொடர்ந்து சில வாரம் வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ‘பேரை அடிச்சாச்சு’ என்பார்கள். மறுபடி வந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், பெரும்பாலும் வருவதில்லை. செங்கல் சூளை, ஆட்டுக் கிடை, போர்வெல் வண்டி, திருப்பூர் பனியன் கம்பெனி. பெண் பிள்ளை என்றால் சடங்கு சுற்றியதோடு சரி, அல்லது நூல்மில். எல்லோருக்கும் தெரியும், எனவே யாரும் கேட்பதில்லை. ஊரே எட்டிப்பார்க்கிற பள்ளியில் ரகசியம் தங்காது என்ற என் பழைய விளக்கம் பாதிதான் உண்மை என்றேனே, இதனால்தான். எங்கள் மர்மம் மறைத்துவைத்த மர்மம் அல்ல. எல்லோர் கண்முன்னும் நடந்து, யாருக்கும் மர்மமாகப் படாதது.

பழைய மாணவர் என்ற சொல்லே ஒரு சல்லடை. கடைசிவரை தங்கியவர்களைத்தான் அது சேர்க்கிறது. புதுக்கோட்டையின் கல்வி வரலாறு இதற்கு நல்ல சாட்சி. மன்னர் கல்லூரி 1857இல் பள்ளியாகத் தொடங்கியது. திருமயத்துக்காரரான தீரர் சத்தியமூர்த்தி அங்கே படித்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துலட்சுமி அங்கே ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகச் சேர்ந்தார். எதிர்ப்பு இருந்தது, மன்னர் அனுமதித்தார், அவருக்கும் மற்ற மாணவர்களுக்கும் நடுவே திரை போட்டார்கள். பின்னாளில் அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாகி நாட்டுக்கே தெரிந்தார். அவருடைய வகுப்புத் தோழர்கள் ஒரு சந்திப்பு நடத்தியிருந்தால், கூடப் படித்தவரின் முகத்தைக் குரூப் போட்டோவில்தான் முதல்முறை நன்றாகப் பார்த்திருப்பார்கள்.

அடுத்து 1991. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது அறிவொளி இயக்கம் இங்கே வீதிவீதியாகப் போனது. வயல்வேலை முடித்துவந்த பெண்கள் இரவு விளக்கில் அ, ஆ எழுதினார்கள். கூடவே சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய சங்கதி அப்போது வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்த சங்கதி. அந்த இரவு வகுப்பில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு பள்ளியின் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டவர், அல்லது ஏறவே ஏறாதவர். அறிவொளியைச் சாதனையாக எழுதிய கட்டுரைகள் நிறைய. அத்தனை பேர் ஏன் விட்டுப்போனார்கள் என்று துப்பறிந்த கட்டுரைகள் குறைவு. என் அம்மாவும் அந்த வகுப்புக்குப் போனவர். மூன்றாவது படித்தபோது நிறுத்தினார்கள் என்பார். யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால், ‘அப்பல்லாம் அப்படித்தான்’ என்பார். ‘மரி-அக்தோபர்’ மேசையில் ஒருவர் இப்படிப் பதில் சொன்னால் மற்றவர்கள் விடமாட்டார்கள்.

ஆக, தமிழில் ஒரு பழைய மாணவர் மர்மப் படம் வருமானால் அதில் பிணம் தேவையில்லை, கோட்டை போன்ற விடுதிப் பள்ளியும் தேவையில்லை. கல்யாண மண்டபம், ப்ளாஸ்டிக் நாற்காலி, பிரியாணி எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒருவன் எழுந்து, ‘அவன் பேர் எந்தத் தேதியில அடிக்கப்பட்டுச்சு, அன்னிக்கு நாம எல்லாரும் எங்க இருந்தோம்?’ என்று கேட்டால் போதும். பரீட்சைக் கட்டணம் கட்டாதவனை எழுப்பி நிற்கவைத்தது யார், அவன் சட்டையைப் பார்த்துச் சிரித்தது யார், எந்தத் தெருப் பையன் எந்தப் பானையில் தண்ணீர் குடித்தான் என்று சொல்லிக்கொடுத்தது யார் என்று மேசை சுற்றும். துவிவியேயின் படத்தில் துரோகி ஒருவன். இங்கே எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் கஷ்டம்.

கதையைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மலருக்குப் பழைய படங்களும் வகுப்புப் பட்டியலும் வேண்டும் என்று பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். ‘பீரோவில இருக்கும், பாருங்க சார், கரையான் விட்டுவெச்சிருந்தா’ என்றார். அலுவலக உதவியாளர் அம்மா ஒருவர் துணியால் தட்டித்தட்டி எடுத்துக்கொடுத்தார். எங்கள் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுப் பதிவேடு ஓரம் அரித்து, நடுவில் நன்றாக இருந்தது. நீலக் கோடுகள், கட்டம் கட்டமாக வருகைக் குறி. அவன் பெயர் எண் 31. செப்டம்பர்வரை ஒழுங்காக இருக்கிறது. பிறகு ‘ஆ’, ‘ஆ’, ‘ஆ’ என்று ஆப்சென்ட் வரிசை. நவம்பர் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்புக் கோடு. ஓரத்தில் ‘நீண்ட நாள் வராமை’, தேதி, சுருக்கொப்பம். அவ்வளவுதான். கோடு மிக நேராக இருந்தது. எங்கள் வகுப்பாசிரியருக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும்.

கரும்பலகையின் வலது மேல் மூலையில் தினமும் காலையில் ‘பதிவு’, ‘வருகை’ என்று இரண்டு எண் எழுத வேண்டும் என்பது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். வகுப்புத் தலைவன்தான் எழுதுவான். அந்த ஆண்டு எங்கள் வகுப்புத் தலைவன் நான். நவம்பரில் ஒரு காலை, பதிவு 46 என்று எழுதிக்கொண்டிருந்த நான், 45 என்று எழுதியிருக்கிறேன். வகுப்பாசிரியர் சொல்லியிருப்பார், நான் ஆறை அழித்து ஐந்து போட்டிருப்பேன். அந்தக் காலை எப்படி இருந்தது, மழையா வெயிலா, யாராவது ஏதாவது கேட்டார்களா என்று எவ்வளவு யோசித்தும் ஒன்றுமே நினைவு வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் பள்ளி மைதானத்தில் நான் அடித்த கோல் நினைவிருக்கிறது.

பதிவேட்டைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்தபிறகு மலர் சிவகாசி அச்சகத்துக்குப் போனது. சந்திப்பு அன்று காலையில் கட்டு கட்டாக வந்து இறங்கியது. கடைசிப் பக்கத்தில் முகவரியும் கைபேசி எண்ணும். வரிசை எண் 45இல் முடிகிறது.